ரதி கம்பத்தைச் சேரும் வரை

“;; மாசிப் பௌர்ணமிக்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை. ஹட்டனில் காலையிலிருந்து முகில். ஒரே வரி அடுத்தடுத்து வந்தால் அழிக்காதே. நின்று கேள்.”

நம் அலுவலகத்துக் கணினியில் இருக்கும் எடிட்டர் மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்து கீழே போய்க்கொண்டே இருந்தால் இந்தக் குறிப்பு வரும். எழுதியவன் நான். முன்னால் இருக்கும் இரண்டு அரைப்புள்ளிகளைக் கவனியுங்கள். அவற்றுக்குப் பின்னால் எழுதுவதை லிஸ்ப் என்ற கணினி மொழி படிப்பதில்லை. இயந்திரம் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் இடம் அது; மனிதர்களுக்காக விடப்பட்டது.

போன வாரம் நான் சும்மா எட்டிப்பார்க்க வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார். “சேர், இரட்டை வரி அழிக்கிற கட்டளை ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு கேக்குது. கேக்காம அழிக்கிற மாதிரி மாத்திறலாமா?”

மாற்றலாம். அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் ஒரு சிறு துண்டை எடுத்தால் போதும், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஓய்வுபெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது. திகதி குறித்து வைக்கும் பழக்கமும் விட்டுப்போகவில்லை.

கடைவீதியில், துணிக்கடைக்கு மேல்மாடியில் நாம் செய்யும் வேலையை வெளியாளுக்கு விளக்குவது கடினம். பாடசாலைப் பரீட்சைத் தாள், கோயில் திருவிழா மலர், தேவாலயப் பாட்டுத் தாள், கொழும்பிலிருந்து வரும் மொழிபெயர்ப்பு. எல்லாம் கடைசியில் வரிகள்தான். ஒரு வரியை மேலே தூக்குவது, இரண்டை ஒட்டுவது, ஒன்றை வெட்டி அடுத்த பத்தியில் வைப்பது. இதற்கெல்லாம் எடிட்டருக்குள்ளேயே லிஸ்ப்பில் சின்னச் சின்னக் கட்டளைகள் எழுதி வைத்துக்கொண்டோம். பல வருடம் இதையே செய்தவனுக்குப் பஸ்ஸில் போகும்போது தேயிலை நிரைகூட அப்படித்தான் தெரியும். இதை எடுத்து அங்கே வைத்தால் மலை ஒழுங்காகிவிடும் என்று தோன்றும். அரைத் தூக்கத்தில் எத்தனையோ மலைகளை நான் திருத்தியிருக்கிறேன்.

ஸ்டெல்லாவை உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். கொட்டகலைக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. எடிட்டர் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்ல, காதால் கேட்டுத் தட்டச்சு செய்வார். நமக்குத் திரையில் முழுப் பக்கமும் தெரிகிறது; அவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. மேலே உள்ளது போய்விட்டது, கீழே உள்ளது இன்னும் வரவில்லை. முகில் இறங்கி யன்னலை மூடிய நாட்களில் அவர் கேட்பார்.

“வெளிய என்னா தெரியுது சேர்?”

“ஒண்ணுந் தெரியல.”

“அப்ப சரி. இன்னைக்கி எல்லாரும் ஒரே கட்சி.”

அந்த மாசி மாதம் எங்களிடம் ஒரு காமன் கூத்துப் பாட்டு வந்தது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கூத்து வாத்தியார், வருடா வருடம் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கம்பம் ஊன்றி, பௌர்ணமி வரை பாட்டை முன்னின்று நடத்துபவர். தொண்டையில் கட்டி. கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நெடுநாள் காத்திருந்து கிடைத்த சத்திரசிகிச்சைத் திகதி, கம்பம் ஊன்றிய பிறகு வந்து விழுந்தது. ஊன்றிய கம்பத்தைப் பாதியில் விட முடியாது. ஆஸ்பத்திரித் திகதியையும் விட முடியாது. குரல் திரும்புமா என்று டொக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டிக்குப் போவதற்கு முன், கடைசி நாள் பாட்டு முழுவதையும் மகள் விஜயாவின் போனில் துண்டு துண்டாகப் பாடிக் கொடுத்தார். மன்மதனைச் சிவன் எரிப்பதும், ரதி அழுதுகொண்டே கம்பத்தைச் சுற்றி வருவதும் அதில்தான் வரும். இத்தனை வருடமும் பின்பாட்டு மட்டும் பாடி வந்த இரண்டு பேர், இந்தத் தடவை தாளைப் பார்த்து முன்பாட்டுப் பாட வேண்டும். தாள் எங்கள் பொறுப்பு. விஜயா பதிவுகளைக் கொடுத்துவிட்டுப் போகும்போது சொன்னார்.

“அப்பாவுக்கு ஆப்பரேசனப் பத்திக் கவல இல்லீங்க சேர். பாட்டு முழுசாப் போய்ச் சேருமான்னுதான் கேட்டுக்கிட்டே இருக்காரு. குரல் வராட்டியும் பரவால்ல, இந்த வருசம் பாட்டு நின்னுறக் கூடாதுன்னு.”

ஸ்டெல்லா அதைக் கேட்டுக் கேட்டு நாள்கணக்கில் தட்டச்சு செய்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஆட்டக்காரர்கள் எதிரே நடப்பதைப் பார்த்தபடி வாத்தியார் பாடியிருக்க வேண்டும் என்றார் ஸ்டெல்லா. எப்படித் தெரியும் என்று கேட்டேன். “குரல் திரும்புது சேர். யாரோ சுத்தி வர்றாங்க, அவங்க பின்னாலயே போகுது.”

பௌர்ணமிக்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமை. அன்று மாலை தோட்டத்தில் ஒத்திகை. அது ஒன்றுதான் ஒத்திகை. மத்தியான பஸ்ஸில் தாள்கள் போக வேண்டும். கஜன் பக்கம் அமைக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தான். அப்போது அவன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுறுசுறுப்பு. அச்சுக்குப் போகும் எந்தக் கோப்பையும் முதலில் இரட்டை வரி அழிக்கும் கட்டளையால் துடைத்துவிடுவது நம் வழக்கம். அவனும் துடைத்தான், சேமித்தான். பாட்டு பார்க்க அழகாக ஆகிவிட்டது. பக்கங்களும் குறைந்துவிட்டன.

கடைசியாக ஒருமுறை கேட்டுவிடுகிறேன் என்று ஸ்டெல்லா காதுக்கருவியை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கினார்.

“சேர், ரதி கம்பத்துக்குப் போய்ச் சேர மாட்டா.”

“என்ன?”

“பாட்டு முடிஞ்சிருச்சு. அவ இன்னும் பாதிக் களத்துல நிக்கிறா.”

கஜன் திரும்பிப் பார்த்தான். “அக்கா, ஒரே வரி ரெண்டு தடவ, மூணு தடவ இருந்திச்சு. பிழைன்னு நெனைச்சித்தான்…”

“சின்னப் புள்ளயில லயத்து வீட்டுல படுத்துக்கிட்டே கேப்பேன், கஜன். சலங்கச் சத்தம் தூரத்துல இருக்கும். அது கிட்ட வர்ற வரைக்கும் பாட்டு அதே எடத்துல நிக்கும். வரி போயிருச்சுன்னா அவ எதுல நடந்து வருவா?”

 கஜன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பரீட்சைத் தாளில் ஒரே வரி இரண்டு முறை வந்தால் பிழைதான். முகவரிப் பட்டியலிலும் பிழைதான். எங்கள் கையால் அதுவரை போன எல்லாவற்றிலும் அது பிழையாகத்தான் இருந்தது.

எடிட்டர் பழைய பிரதியை, கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு நெளிகோடு போட்டு வைத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திறந்தேன். அழிந்த வரிகள் எல்லாம் இருந்தன. கஜனுக்கு மூச்சு வந்தது.

“அப்ப இதையே அனுப்பிருவோம் சேர்.”

அதுதான் முடியவில்லை. விஜயா ஒவ்வொரு துண்டைப் பதியும்போதும் “முந்துன வரியில இருந்து ஆரம்பிங்கப்பா” என்று சொல்லியிருக்கிறார். ஆகவே ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு வரி இரட்டை. அவற்றைப் பதிவுகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் நடுநடுவே தொண்டை அடைத்து, இருமி, அதே வரியைத் திரும்ப எடுத்த இடங்களும் இருந்தன. ஸ்டெல்லாவே சொன்னார்: “இருமிட்டு எடுத்ததும் இருக்கு, ரதிக்காக எடுத்ததும் இருக்கு. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சேர்.” அப்படியே அனுப்பினால் ரதி கம்பத்தைச் சேர்ந்த பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தாளை மட்டும் நம்பிப் பாடும் அந்த இரண்டு பேரும் களத்தின் நடுவில் தடுமாறிப் போவார்கள்.

தோட்டத்தில் கேட்கலாமென்றால் எல்லோரும் மலையில், வேலையில். எத்தனை தடவை என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் கண்டியில் தொண்டையில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தார்.

“போன் எடுத்தா மட்டும் மனுசன் என்னத்தப் பேசுவாரு?” என்றான் கஜன்.

இளையவர்களே, அவசரத்தில் மனம் இரண்டு பக்கம்தான் ஓடும். எல்லாவற்றையும் அழி, அல்லது எல்லாவற்றையும் வை. இரண்டும் ஒரே விசையில் முடிந்துவிடும் என்பதால் அவை நியாயமாகத் தெரியும். அன்று எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நான் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு யன்னலைப் பார்த்தேன். எதிர்க்கடை இல்லை, வீதி இல்லை. பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் வெள்ளைக்குள் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். யோசிக்கும்போது அப்படிச் செய்வார். தட்டுவது நின்றது.

“சேர், பேச வேணாம். தட்டலாந்தானே.”

அந்த நிமிடத்தில் எழுதியதுதான் நீங்கள் இன்று பயன்படுத்தும் கட்டளை. பழையது ஒரு வரியை முந்தைய வரியோடு ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் அழித்துவிட்டு நகரும். அழிக்கும் இடத்தில் வேறொன்றை வைத்தேன்: நில், அந்த வரியை உரக்க வாசி, ஒரு விசைக்காகக் காத்திரு. ஒரு விசை வைத்துக்கொள்ள, இன்னொன்று எடுத்துவிட. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. அவசரத்தில் அடைப்புக்குறி ஒன்றைச் சாத்த மறந்து, கஜன்தான் கண்டுபிடித்துச் சாத்தினான்.

விஜயா போனை எடுத்தார். நோயாளரைப் பார்க்க வருபவர்களின் நேரம் அது. ஸ்டெல்லா விளக்கினார்.

“விஜயா, போன அப்பா காதுகிட்ட வைங்க. மெசின் ஒரு வரி சொல்லும். அந்த எடத்துல திரும்பப் பாடணும்னா ஒரு தட்டு. வேணாம்னா ரெண்டு தட்டு. பக்கத்துல இருக்க இரும்பு அலுமாரியில தட்டச் சொல்லுங்க.”

கீழே துணிக்கடை ஒலிபெருக்கி விலைக்கழிவு பற்றிக் கத்திக்கொண்டிருந்தது. கஜன் படியிறங்கிப் போய், “முதலாளி, சவுண்ட் பொட்டக் அடு கரன்ன” என்று சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சுவது கேட்டது. ஒலி தாழ்ந்தது.

நான் எடிட்டரின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போனை வைத்தேன். இயந்திரம் வாசித்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, புகையிரத நிலைய அறிவிப்பாளர் ஒப்பாரி வைத்தால் எப்படியோ அப்படி. மன்மதன் எரிந்ததை நேரம் தவறாமல் அறிவித்தது. மறுபக்கம் ஒரு கணம் எதுவுமில்லை. பிறகு இரும்பில் ஒரு தட்டு.

ஸ்டெல்லா விசையை அழுத்தினார். கட்டளை அடுத்த இரட்டை வரிக்குப் போய் நின்றது. இரண்டு தட்டு. எடுத்தார். அடுத்தது. ஒரு தட்டு.

அப்படியே போனது. எத்தனை நேரம் என்று, எல்லாவற்றையும் குறிக்கும் நான், குறிக்கவில்லை. வார்டில் யாரோ இருமினார்கள். பாத்திரம் கழுவும் ஓசை. தாதி ஒருவர் சிங்களத்தில் ஏதோ கேட்க, விஜயா, “அப்பாகே சிந்து” என்று பதில் சொன்னார், அப்பாவின் பாட்டு என்று. யன்னல் முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ரதி சுற்றி வருவது போலவும், ஒவ்வொரு தட்டும் அவள் வைக்கும் ஓர் அடி போலவும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. நான் விழித்துத்தான் இருந்தேன். கஜன் படியருகில் நின்று, தனக்குத் தெரியாமலே கால் மாற்றி நடந்துகொண்டிருந்தான்.

பாதியில் வார்டிலிருந்து புதிதாக ஒரு கரகரத்த குரல் கேட்டது. “அந்த வரிய இன்னொருக்காப் போடச் சொல்லும்மா.”

விஜயா சிரித்தபடி, “பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் கேக்குறாங்க சேர்” என்றார். ஸ்டெல்லா திரும்ப வாசிக்கவிட்டார்.

சற்றுப் பொறுத்து விஜயா அவசரமாகப் பேசினார். “சேர், டைம் முடிஞ்சிருச்சாம், வெளிய போகச் சொல்றாங்க. போன அப்பா தலகாணியில வச்சிட்டுப் போறேன். கட் பண்ணிறாதீங்க.”

இயந்திரம் வாசிப்பதை நிறுத்தவில்லை. தட்டுகளும் வந்துகொண்டிருந்தன.

“தட்டு மெதுவாயிருச்சு,” என்றார் ஸ்டெல்லா. “களைச்சிட்டாரு போல.”

“நிறுத்திருவமா?”

“வேணாம் சேர். நிக்கல, மெதுவாத்தான் ஆயிருக்கு.”

கடைசியில் ரதி கம்பத்தை நெருங்கும் இடம். ‘வந்த வழி மறையுதய்யா’ என்ற வரி. பழைய பிரதியில் அது மூன்று முறை இருந்தது. இயந்திரம் அதைச் சொன்னது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தட்டு வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று தட்டுக்கு நாங்கள் அர்த்தம் வைக்கவில்லை. எடுக்கச் சொல்ல வந்து கை தவறி ஒன்று கூடியதா? “திரும்ப வாசிங்க” என்றேன். அதற்குள் இணைப்பு அறுந்தது. மறுபடி எடுத்தோம். போன் அணைந்துபோயிருந்தது. கீழே பஸ் நிலையத்தில் நடத்துநர் பொகவந்தலாவை, பொகவந்தலாவை என்று கூவ ஆரம்பித்துவிட்டார்.

“மூணு தடவன்னு சொல்றாரு சேர்,” என்றார் ஸ்டெல்லா.

“ரெண்டு தட்டா இருந்து ஒண்ணு கூடியிருந்தா?”

“இருக்கலாம். ஆனா இருமல்ல தட்டுன மாதிரி இல்ல. நிதானமா இருந்திச்சு.”

நான் மூன்றையும் விட்டேன். கஜன் அச்செடுத்த சூட்டோடு தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். பஸ் முகிலுக்குள் போவதை அவன் நின்று பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். ஓசை போவதைக் கேட்டிருப்பான்.

அந்தத் தடவை கூத்துக்கு நானும் போனேன். மன்மதன் எரிந்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ரதி வேஷம் கட்டியவர் புது ஆள், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர். களம் பனியில் ஊறி வழுக்கியது. சேலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் கால் வைத்தார். பாடியவர்கள் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ‘வந்த வழி மறையுதய்யா.’ ரதி இன்னும் தள்ளி இருந்தாள். இரண்டாம் முறை பாடினார்கள். இன்னும் வரவில்லை. மூன்றாம் முறை பாடி முடிக்கும் இடத்தில் அவள் கை கம்பத்தின் சாம்பலைத் தொட்டது.

சித்திரை கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை வாத்தியார் நம் அலுவலகத்துப் படியேறி வந்தார். குரல் திரும்பியிருந்தது, ஆனால் காற்று மட்டும் வருவது போல. பக்கத்தில் குனிந்துதான் கேட்க வேண்டும். ஸ்டெல்லாவுக்கு மட்டும் தூரத்திலிருந்தே கேட்டது. விஜயா எடுத்த வீடியோவைப் பலமுறை பார்த்ததாகச் சொன்னார்.

“முழுசாப் போய்ச் சேந்துருச்சு, சேர். அது போதும்.”

“அந்தக் கடைசி வரியில மூணு தட்டுத் தட்டுனீங்களே, எங்களுக்குப் புரியல. அனுமானத்துலதான் விட்டோம்.”

“மூணா?” அவர் என்னைப் பார்த்தார். “அந்த எடத்துல நா எப்பவும் ரெண்டு தடவதான் பாடுவேன். மூணாவது, இருமிட்டு எடுத்தது.”

 ஸ்டெல்லா தட்டச்சை நிறுத்திவிட்டார்.

“அப்ப ஏன் மூணு தட்டுனீங்க?”

“நா தட்டல சேர். ரதி சுத்த ஆரம்பிச்ச வரைக்கும் நெனப்பு இருக்கு. அதுக்கு மேல ஊசி மருந்து இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. கனவுல நல்லாப் பாடிக்கிட்டு இருந்தேன், கணீர்னு. எந்திரிச்சுப் பாத்தா போன் அணஞ்சு கெடக்கு.”

“அப்ப தட்டுனது யாரு?” என்றான் கஜன்.

“பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவரு இருந்தாரு. இறம்பொடப் பக்கம்னு சொன்னாரு. பேரு கேட்டுக்கல. நா முழிக்கிறப்ப அந்தக் கட்டில்ல விரிப்பு மாத்திக்கிட்டு இருந்தாங்க. வீட்டுக்குப் போனாரா, வேற வார்டுக்கா, ஒண்ணுந் தெரியல.”

“வரி தப்பாப் போயிருச்சேன்னு உங்களுக்கு…” என்று நான் இழுத்தேன்.

அவர் ஓசையில்லாமல் சிரித்தார். “ரெண்டு தடவையோட நின்னுருந்தா அந்தப் பய நடுவுல நின்னுருப்பான். வீடியோவுல பாத்தேனே. இனி மூணுதான் சேர். நானும் அப்பிடியே பாடிக்கிறேன்.”

அடுத்த மாசியில் வாத்தியார் பாடாமல் ஓரமாக நின்றார். பாடியவர்கள் அந்த இரண்டு பேர். மூன்று முறைதான் பாடினார்கள்.

இறம்பொடைப் பக்கம் போகும்போதெல்லாம் விசாரித்தேன். காமன் கூத்துப் பாடிய பெரியவர், அந்த மாசியில் கண்டியில் படுத்திருந்தவர் யாராவது உண்டா என்று. சிலர் உண்டு என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். ஒருவரையும் அந்தக் கட்டிலோடு சேர்த்து உறுதிப்படுத்த முடியவில்லை. அவர் கூத்துக்காரரா என்பதும் தெரியாது. சும்மா பாட்டுக் கேட்டுப் படுத்திருந்த ஒருவர், இன்னொருவர் தூங்கிவிட்டதைப் பார்த்து, வேலை நின்றுவிடக் கூடாதென்று கையை நீட்டியிருக்கலாம். அல்லது தூக்கத்திலேயே வாத்தியாரின் கை தட்டியிருக்கலாம். பிறகொருமுறை அப்படிக் கேட்டபோது அவர் அதை மறுக்கவும் இல்லை.

ஆகவே கட்டளையில் நின்று கேட்கும் அந்தத் துண்டை எடுப்பதும் விடுவதும் இப்போது உங்கள் கையில். எடுத்தால் வேலை வேகமாகும், அதில் சந்தேகமில்லை. எடுப்பதாக இருந்தால் ஒரு உதவி செய்யுங்கள். மேலே உள்ள குறிப்புக்குக் கீழே, ஓய்வுபெறும் நாளன்று நான் சேர்த்த இன்னொரு வரி இருக்கிறது. அதை மட்டும் அழிக்காமல் விடுங்கள். இயந்திரத்துக்கு அதனால் தொந்தரவில்லை.

“;; முன்பாதி வாத்தியார் சொன்னபடி. பின்பாதியில் தட்டியவர் யார் என்பது உறுதி செய்யப்படவில்லை.”